ஹில்லகோன் ஏந்திய பிள்ளை

அந்த இலையுதிர் காலத்தில் ஆற்றுப் படகு முகாமுக்கு வந்தபோது அதில் மாட்டிறைச்சிப் பீப்பாயும் இல்லை, மாவு மூட்டையும் இல்லை. ஒரே ஒரு ஆள் இறங்கினான். கையிலிருந்த தாளை ஆங்கிலத்தில் படித்தான். பாதிரியார் அதை ஜெர்மனில் சொன்னார். கவர்னரிடம் பணம் தீர்ந்துவிட்டது. இனி அவரவர் வயிற்றை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே போகலாம். இங்கிலாந்து ராணிக்குத் தேவைப்பட்டுக் கூப்பிட்டால் மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும்.

யாரும் அழவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. ராணியின் போர்க்கப்பல்களின் பலகை இடுக்கில் பூச மரப்பிசினிலிருந்து கீல் காய்ச்சுவதற்கென்று கடல் தாண்டிக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஜனம் அது. ரைன் கரையில் பிரெஞ்சுப் படை ஊர் ஊராகக் கொளுத்திவிட்டுப் போன பின், லண்டனுக்கு ஓடி, அங்கே கூடாரத்தில் கிடந்து, இங்கே வந்தார்கள். திராட்சைக் கொடி கட்டிப் பழகிய கைகளில் பட்டை உரிக்கும் கத்தியைக் கொடுத்தார்கள். வசந்தத்தில் பைன் மரத்தின் ஒரு பக்கம் உரிக்க வேண்டும். பிசின் ஊறட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிறகு மறுபக்கம். ஆற்றின் இரு கரையிலும் காடு முழுக்க அம்மணமாக நின்றது. அந்த ரக மரத்தில் பிசினே அவ்வளவாக ஊறாது என்பது தெரியவர இரண்டு வருஷம் ஆயிற்று.

"ரெண்டு வருஷமா மரத்துக்கெல்லாம் சட்டையைக் கழட்டினோம். இப்ப நம்ம சட்டையைக் கழட்டிட்டாங்க" என்றான் யோஸ்ட்.

அவன் மனைவி லோனி சிரித்தாள். முழுப்பெயர் அப்பொலோனியா. அவ்வளவு நீளமாக அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் வயிற்றில் அப்போது ஆறு மாதம். குடிசைக்கு வந்ததும் மாவுப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கம்பு போலக் கறுத்த ரை மாவு கொஞ்சம், உலர்ந்த பட்டாணி, வாடிய ஆப்பிள் துண்டுகள் ஒரு சரம். சிரிப்பு அத்தோடு நின்றது.

ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் ஏற்கனவே காட்டுக்குள் போய், அந்தக் காட்டின் பழங்குடிகளான மோஹாக் ஜனங்களிடம் பேசி, ஸ்கோஹாரி பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி வந்திருந்தார்கள். மண் கறுப்பாம். கையில் பிடித்தால் விரலோடு ஒட்டுமாம். ஆண்கள் கொஞ்சம் பேர் முதலில் போய் வழி வெட்டிக் குடிசை போடுவது, மற்றவர்கள் வசந்தத்துக்கு முன்னால் போய்ச் சேருவது என்று முடிவாயிற்று. யோஸ்ட் முதல் கூட்டத்தோடு கிளம்பினான். முந்தின வருஷம் கனடாவின் மேல் படையெடுக்கிறோம் என்று கூட்டிப்போய், ஒரு குண்டும் சுடாமல் திருப்பி அனுப்பி, துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கோடாலி மட்டும்தான்.

"நான் அங்க வர்றதா இருந்தா ஊர்சலோடதான் வருவேன்" என்றாள் லோனி.

யோஸ்ட் கோடாலியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. "அவ ஒப்பந்தம் முடிய இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கே."

"இருக்கட்டும். இங்கருந்து அவ இருக்கற ஈசோபஸ் அரைநாள் நடை. பாக்கணும்னு தோணினா பாத்துட்டு வந்துடறேன். பள்ளத்தாக்குக்குப் போயிட்டா? அவ பெரியவளாகி, கல்யாணமாகி, டச்சுக்காரியாவே ஆயிடுவா. என் முகமே மறந்துடும்."

ஊர்சல் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை. ஒரு மகன் கப்பலிலேயே செத்துப்போனான். இன்னொருவன் கப்பல் வந்து சேர்ந்த நகரத்துக்கு எதிரே இருக்கும் தீவில், இறங்கிய பிறகு. அதே தீவில் லோனி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது அதிகாரிகள் வந்து, தாயில்லாத பிள்ளைகளையும் தாய் சாகக்கிடந்த பிள்ளைகளையும் ஒன்றாக எண்ணி, வீடு வீடாக வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயது வரை. யோஸ்ட் அப்போது இன்னொரு கப்பலில், இன்னும் கரை சேரவில்லை. பிழைத்து எழுந்த லோனிக்கு முதலில் தெரிந்தது பக்கத்தில் பாய் காலியாக இருப்பதுதான்.

பிள்ளை நல்ல இடத்தில்தான் விழுந்திருந்தாள். அதுதான் லோனிக்குப் பெரிய தொந்தரவு. கெட்ட இடமாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். ஈசோபஸ் வயல்வெளியில் தூனிஸ் என்ற டச்சு விவசாயி வீடு. கல்வீடு, பன்னிரண்டு மாடு, கோதுமை. அவன் மனைவி ஹில்லகோன் பெரிய கையும் பெரிய குரலும் உள்ளவள், பிள்ளை இல்லாதவள். பிள்ளை இல்லாததற்குக் காரணம் கேட்டால் தூனிஸ் எப்போதும் அதே பதிலைச் சொல்வான்: "இங்கிலாந்துல ராஜா மாறினாரு. அதனால இங்க என் கல்யாணம் பதினாலு வருஷம் தள்ளிப் போச்சு."

அது பொய்யில்லை. பழைய ராஜாவை விரட்டிவிட்டுப் புதியவர் வந்த அந்த வருஷம், இங்கே நகரத்தில் ஒரு படைத் தலைவன் கோட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்சி நடத்தினான். பிறகு வந்த கவர்னர் அவனைத் தூக்கிலிட்டார். தூனிஸின் அப்பா அவன் பக்கம். ஹில்லகோனின் அப்பா கவர்னர் பக்கம். இரண்டு வீட்டாரும் கோயிலில்கூட வேறு வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். "அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்குப் பதிலா அவளை ஆத்துல தள்ளுவேன்" என்று சொல்லிக்கொண்டே ஹில்லகோனின் அப்பா பதினாலு வருஷம் உயிரோடு இருந்தார். அவர் கண்ணை மூடிய பிறகுதான் கல்யாணம் நடந்தது. அதற்குள் ஹில்லகோனுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது.

இதெல்லாம் தெரிந்தும் லோனி ஒரு திட்டம் போட்டாள். யோஸ்ட் கிளம்பும் முன் அவனிடம் சொன்னாள்.

"பொறக்கப் போற பிள்ளைக்கு ஹில்லகோனையே ஞானத்தாயாக் கூப்பிடப்போறேன்."

யோஸ்டுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கோடாலியைக் கீழே வைத்தான். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி உன் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திவிட்டால் அவளும் நீயும் உடன்பிறந்த மாதிரி. அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் கூலி வேலை செய்ய முடியாது, செய்யவிட்டால் அவமானம். மில்காரர் மனைவி மாட்டுக்காரன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்ற மறுநாள், அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் அக்காவுக்குப் புதுத்துணி கட்டி வீட்டுக்கு அனுப்பி வைத்ததை லோனி சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறாள். வானத்துக்குக் கீழே எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள்.

"பாதிரியாரை வச்சே சூதாடறியா நீ?" என்றான் யோஸ்ட். ஆனால் முகத்தில் பெருமை தெரிந்தது.

டிசம்பரில், ஆறு உறையுமுன், லோனி ஒரு தானியப் படகில் ஏறி ஈசோபஸ் போனாள். ஹில்லகோன் வீட்டுச் சமையலறையில் பெரிய கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மக்காச்சோளக் களியைக் கிண்டி நடுவில் குழி பறித்துப் பால் ஊற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து அவரவர் கரண்டியால் அவரவர் பக்கத்திலிருந்து தோண்டிச் சாப்பிடுவது. ஊர்சல் தன் பக்கத்துக் கரையைக் கொஞ்சமும் உடையாமல் அளவாக வெட்டிச் சாப்பிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. உயரமாகியிருந்தாள். அம்மாவிடம் பேசும்போது ஜெர்மனுக்கு நடுவில் டச்சு வந்து விழுந்தது. லோனிக்குப் பாதி புரிந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம், கணப்பின் ஓரத்தில், மைகென் நின்றபடியே சாப்பிட்டாள். அவள் தூனிஸ் விலைக்கு வாங்கிய கறுப்புப் பெண். போன மாதம்தான் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அது மரத்தொட்டியில் கிடந்து தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது.

லோனி வந்த காரியத்தைச் சொன்னாள். ஊர்சல் டச்சில் திருப்பிச் சொன்னாள். ஹில்லகோன் கரண்டியைக் களிக்குள் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன, உங்களுக்குப் பிடிக்கலையாம்மா?" என்று லோனி கேட்டாள்.

தூனிஸ்தான் பதில் சொன்னான். "இந்த ஊர்ல இவளை யாரும் ஞானத்தாயாக் கூப்பிட்டதில்ல தங்கச்சி. பாதிப் பேர் எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, மீதிப் பேர் அவங்கப்பா பேரைச் சொல்லி."

லோனிக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. சூதாட வந்த இடத்தில் எதிராளி கையிலிருந்த சீட்டையெல்லாம் மேஜையில் விரித்து வைத்துவிட்டதைப் போல இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டி பூட்டித் தூனிஸ், ஹில்லகோன், ஊர்சல் மூவரும் முகாமுக்கு வந்தார்கள். ஹில்லகோன் சபை வேறு, இவர்கள் சபை வேறு. அதனால் பாதிரியார் கொஞ்சம் தயங்கினார். கோதுமை மாவு இரண்டு மூட்டை இறங்குவதைப் பார்த்துத் தயக்கத்தை விட்டார் என்று பக்கத்துக் குடிசைக் குனிகுண்டா பிறகு சொல்லித் திரிந்தாள். அவள் நாக்கு அப்படி. பலகை அடித்த அந்தக் கோயிலில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. தண்ணீரைக் கணப்பில் காட்டிச் சுட வைத்துத்தான் தெளித்தார்கள். ஹில்லகோன் குழந்தையை ஏந்திய விதத்தைப் பார்த்து லோனி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். உடைந்துவிடும் என்று பயந்த மாதிரியும் இருந்தது, யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்த மாதிரியும் இருந்தது. ஞானத்தாயின் பெயரையே வைப்பதுதான் வழக்கம். ஹில்லகோன் என்று கூப்பிட்டபோது குழந்தை தும்மியது.

குடிசையில் விருந்து. பட்டாணிக் கஞ்சி, ரை ரொட்டி, ஹில்லகோன் எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்த மாவு உருண்டைகள், தூனிஸ் கொண்டுவந்த ஆப்பிள் மது. குனிகுண்டா தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூன்றாவது உருண்டையைக் கையில் வைத்தபடி நான்காவதைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். ஹில்லகோன் வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துக் குழந்தையின் துணிக்குள் செருகினாள். பிறகு ஊர்சலை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினாள். இதோ வருகிறது என்று லோனிக்குத் தெரிந்தது.

"லோனி, இனிமே நாம வேற ஆளுங்க இல்ல. இவ என் வீட்ல வேலைக்காரியா இருக்கறது சரியில்ல. காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே தூனிஸ் அந்த ஒப்பந்தத் தாளை அடுப்புல போட்டுட்டாரு."

லோனி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹில்லகோன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இன்னையிலேருந்து இவ எங்க வீட்டுப் பொண்ணு. என் துணிப்பெட்டி இருக்கே, எங்கம்மா எனக்குக் குடுத்தது, அது இவளுக்குத்தான். நீ காட்டுக்குள்ள போற. அங்க என்ன இருக்கோ என்னவோ. இவளைப் பத்தி நீ ஒரு கவலையும் படாதே. சின்னவளையும் குடுத்தாலும் வச்சுக்கறேன். ஞானத்தாய்னா அதுக்குத்தானே?"

ஊர்சல் இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோனிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. வேலைக்காரியாக இருந்தவளை என்றாவது கேட்டு வாங்கியிருக்கலாம். மகளாகிவிட்டவளை எந்த வாயால் கேட்பது? கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டு அந்தப் பெரிய முகம் சந்தோஷத்தில் நனைந்து நின்றது. அதைப் பார்த்து லோனிக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு உருண்டையை எடுத்து அவள் வாயில் ஊட்டினாள்.

வண்டி பூட்டும் நேரத்தில் ஊர்சலைத் தனியாக விறகடுக்குப் பக்கம் கூட்டிப்போனாள். ஹில்லகோன் பெரியம்மாவிடம் நீயே சொல், அம்மாவோடு பள்ளத்தாக்குக்குப் போகிறேன் என்று சொல், நீ சொன்னால் விடுவாள் என்றாள். ஊர்சல் கையுறையைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் நின்றாள்.

"அங்க வீடு இருக்கா?"

"அப்பா போட்டுக்கிட்டிருக்காரு."

"மாடு?"

"இல்ல."

"மாடில்லாம நான் அங்க வந்து என்னம்மா பண்ண?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "தீவுல அவங்க என்னைக் கூட்டிட்டுப் போறப்ப நீ கண்ணைத் திறந்து பாத்தே. நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ பாத்துக்கிட்டே இருந்தே. ஒண்ணும் சொல்லல."

லோனிக்கு அந்த நாளில் எதுவும் நினைவில்லை. வெளிச்சம் மட்டும் நினைவிருந்தது, கூடாரத் துணி வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம். காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தாள். அது ஊர்சலுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

சறுக்குவண்டி ஆற்றின்மேல் சின்னதாகிப் போகும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

மார்ச்சில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஆள் வந்தான். இடுப்பளவு பனி என்றான். இருந்தாலும் வந்துவிடுங்கள், விதைக்கிற நேரத்தில் ஆள் இல்லாத நிலம் வேறு கைக்குப் போய்விடும் என்றான். மற்றவர்கள் கலைந்த பிறகு லோனியிடம் வந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். யோஸ்ட் காலில் கோடாலி இறங்கிவிட்டது. எலும்பு தப்பிவிட்டது, ஆனால் படுக்கைதான். குடிசைக்கு ஒரு பக்கம் இன்னும் சுவர் வைக்கவில்லை. "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ரொம்பச் சொன்னாரு. அவ்வளவு சொல்றாரே, அப்ப கட்டாயம் சொல்லணும்னு தோணிச்சு."

குழந்தையை அந்தக் குளிர்காற்றில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று லோனிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. செத்துப்போன இரண்டு மகன்களின் உதட்டிலும் அந்த நீல நிறம் ஏறியதைப் பார்த்திருக்கிறாள். இடையில் கிளம்பிப்போன இன்னொரு கூட்டத்தில் கைக்குழந்தையோடு போனவர்களில் யார் யார் அதை வழியில் பனிக்குள் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள் என்பதையும் வந்த ஆள் குனிகுண்டாவிடம் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட பிறகும் குனிகுண்டா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். அவளுக்கு விட்டுவிட்டுப் போக ஆளில்லை. லோனிக்கு ஆள் இருந்தது. தானே தேடிப் போய்ப் பிடித்த ஆள்.

பனி இறுகிய விடிகாலையில் குழந்தையைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆற்றின்மேல் நடந்தாள். ஹில்லகோன் வாசலில் அவளைப் பார்த்ததும் எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை. நீயும் இங்கேயே இரு, வசந்தம் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். யோஸ்ட் காலைப் பற்றிச் சொன்ன பிறகு அதையும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரையும் பாத்துக்கோக்கா" என்றாள் லோனி. அக்கா என்று அவளை அதுவரை கூப்பிட்டதில்லை. "வீடு எழும்பட்டும். ஒரு மாடு வாங்கட்டும். அப்ப வந்து சின்னவளை மட்டும் கூட்டிட்டுப் போறேன். பெரியவளை நான் கேக்கல."

பிறகு கணப்பு ஓரத்துக்குப் போனாள். மைகென் தன் மகனை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். பால் கொடுக்க வேண்டியவள் அவள்தான். அதை ஹில்லகோன் ஏற்கனவே தீர்மானித்துவிட்டிருப்பாள் என்பது லோனிக்குத் தெரியும். இருந்தாலும் கீழே உட்கார்ந்து, கையாலும் அரைகுறை டச்சாலும் கேட்டாள்.

மைகென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்க வேற செய்றியா? இந்த வீட்ல புது வழக்கமா இருக்கே" என்றாள். குழந்தையை வாங்கி எடை பார்ப்பது போலக் கையில் ஆட்டினாள். "இவ்வளவுதானா? என் பையன் ஒரு பக்கம் குடிச்சிட்டுத் தூங்கிடுவான். இன்னொரு பக்கம் சும்மாதான் கிடக்கு." பிறகு குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு இன்னொருத்தன் இருந்தான். ஏழு வயசுல ஆல்பனிக்குப் போயிட்டான். விக்கறப்ப என்னை யாரும் கேக்கல. நீ வாம்மா. சொன்ன மாதிரி வந்து கூட்டிட்டுப் போ."

லோனி அவள் முழங்காலைத் தொட்டாள். அதற்குமேல் அங்கே இருந்தால் எழுந்து போக முடியாது என்று தெரிந்தது. எழுந்தாள். ஊர்சலைக் கண்ணால் தேடினாள். தொழுவத்தில் பால் கறக்கிறாள் என்றார்கள். அங்கே போகவில்லை. போனால் கேட்டுவிடுவோம் என்று பயம். நேராக ஆற்றுக்கு இறங்கினாள்.

பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தம். ஹில்லகோனின் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, முதுகில் மூட்டையோடு ஊர்சல் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"வரமாட்டேன்னு சொன்னியே."

"அது அன்னைக்கு. இன்னைக்கு ஏன் கேக்கல?"

இருவரும் நடந்தார்கள். ஊர்சல்தான் மறுபடி பேசினாள். தொழுவத்துப் பலகைச் சந்து வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சின்னவளை விட்டுட்டு வெளிய வந்தப்ப உன் முகத்தைப் பாத்தேன்." கொஞ்ச தூரம் போய், "அன்னைக்குத் தீவுலயும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்குத்தான் அது என்னன்னு தெரியல."

லோனி நின்றாள். ஊர்சல் நிற்கவில்லை. அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"பெரியம்மா அழுதாங்களா?" என்று லோனி ரொம்ப தூரம் போன பிறகு கேட்டாள்.

"அழுதாங்க. அழுதுக்கிட்டே பாலாடைக்கட்டி சுத்திக் குடுத்தாங்க. அப்பாவுக்குப் புண்ணுக்குப் போடப் பன்னிக் கொழுப்பு. துணிப்பெட்டி அப்படியே இருக்குமாம், சாவி என்கிட்ட." கழுத்தில் தொங்கிய சாவியை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போட்டுக்கொண்டாள். "சின்னவளைக் கூப்பிடப் போறப்ப நானும் வருவேன். இல்லன்னா அவங்க குடுக்க மாட்டாங்க. உனக்குப் பேசத் தெரியாது."

முகாமிலிருந்து ஆல்பனி, அங்கிருந்து மேற்கே காடு. பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் மூட்டைகளை வரிந்து கட்டிய மரச்சறுக்குகளை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். முன்னால் போகிறவர் பனியை மிதித்துப் பாதை போட வேண்டும். களைத்தால் ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஊர்சல் தன் முறையும் அம்மாவின் முறையும் சேர்த்து மிதித்தாள். வழியில் கிடைத்த பண்ணைகளில் வைக்கோலில் படுத்தார்கள். பண்ணைகள் முடிந்த பிறகு மரத்தடியில்.

லோனியின் மார்பு இரண்டாம் நாளே கல்லாகிவிட்டது. சட்டையின் முன்பக்கம் நனைந்து உறைந்து பலகை போல நின்றது. காய்ச்சல் வரும் போல உடம்பு உதறியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊர்சல் மூன்று வருஷம் பன்னிரண்டு மாட்டோடு இருந்தவள். ஹெம்லாக் மரங்களுக்கடியில் மதியத்துக்கு நின்றபோது அம்மா மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும் விதத்தைப் பார்த்தாள். அருகில் வந்து, வெட்கப்படாமல், அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை இப்படியே விட்டா காம்புல பால் கட்டிக்கும். அப்புறம் ஜுரம் வரும்."

"நான் மாடில்லடி."

"மாடா இருந்தா வாயைத் திறந்து கத்தியாவது இருக்கும்" என்றாள் ஊர்சல்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். சற்றுத் தள்ளிக் குனிகுண்டா தன் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அது அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து அழுகை மெலிந்துகொண்டே வந்து இப்போது பூனைக்குட்டி மாதிரிதான் கேட்டது. நடையிலும் பட்டினியிலும் குனிகுண்டாவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. முகாமில் எல்லாரையும் கேலி பேசிய நாக்கு இரண்டு நாளாக அசையவில்லை. ஊர்சல் போய் அவள் முன் நின்று கையை நீட்டினாள். என்ன சொன்னாள் என்று லோனிக்குக் கேட்கவில்லை. குனிகுண்டா தலையைத் தூக்கி லோனியைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள்.

ஊர்சல் அதைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். தன் போர்வையைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து நின்றாள். லோனி விறைத்த சட்டையை உடைத்துத் திறந்தாள். குழந்தைக்கு முதலில் பிடிக்கத் தெரியவில்லை. வேறு வாசனை. முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டது. பிறகு பிடித்துக்கொண்டது. வலி உச்சந்தலைவரை ஏறி இறங்கியது. லோனி பல்லைக் கடித்துக்கொண்டு மகளின் முதுகைப் பார்த்தாள்.

"மெதுவாக் குடிக்கச் சொல்லும்மா" என்றாள் ஊர்சல், திரும்பாமலேயே. "இன்னொரு பக்கமும் இருக்குன்னு சொல்லு."